யாழ்ப்பாணத்து வீட்டில் சுடுநீர்த் தொட்டி: புதிதாக வாங்குகிறவர்களுக்கு

வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்து வீடு கட்டுகிறவர்களும், வீட்டின் ஒரு பகுதியை விருந்தினருக்கு விடுகிறவர்களும், முழங்கால் உளைவுக்கு ஆறுதல் தேடுகிற பெரியவர்களும் இப்போது ஹொட் ரப் என்கிற சுடுநீர்த் தொட்டி பற்றி விசாரிக்கிறார்கள். சுடுதண்ணீரில் உடம்பைத் தளர விடும் சுகம் எங்களுக்குப் புதிதல்ல. திருகோணமலைக்குப் போய்க் கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் வாளியால் அள்ளிக் குளித்தவர்களுக்கு அது தெரியும். அந்தச் சுகத்தை வீட்டு வளவுக்குள் கொண்டு வருவதும் முடியாத காரியம் இல்லை.

ஆனால் தொட்டியோடு வரும் கையேடு பனி விழும் ஊரை நினைத்து எழுதப்பட்டிருக்கும். குழாய் உறையாமல் காப்பது எப்படி என்று பக்கம் பக்கமாகச் சொல்லும். இங்கே தொட்டியைக் கெடுப்பவை வேறு இரண்டு: சுண்ணக்கல்லில் ஊறி வரும் கிணற்றுத் தண்ணீர், வருடம் முழுக்க விடாத வெக்கை. அதனால்தான் என்னிடம் கேட்கிறவர்களுக்கு எல்லாம் ஒன்றையே சொல்கிறேன்: தொட்டியைப் பார்க்கக் கடைக்குப் போக முதல் உங்கள் தண்ணீரைப் பாருங்கள்.

கிணற்றில் இருந்து தொடங்குங்கள்

குடாநாட்டின் நிலத்தடி முழுக்கச் சுண்ணக்கல். மழைநீர் அதனூடாக இறங்கும்போது கல்சியத்தையும் பைகாபனேற்றையும் கரைத்துக்கொண்டு போகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்து கல்லாகிறது அதுதான். தண்ணீர் சூடாகச் சூடாகக் கல்சியம் காபனேற் கரைந்திருக்க முடியாமல் வெளியே வரும். சுடுநீர்த் தொட்டியில் அது முதலில் படிவது ஹீற்றர் கம்பியில். மேலே கல் மூடிய கம்பி தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தானே வெந்து எரிந்துபோகும். பிறகு பில்ரர் இறுகும், தண்ணீரைப் பீய்ச்சும் ஜெற் துவாரங்கள் அடைபடும், தொட்டிச் சுவர் அரத்தாள் போலச் சொரசொரக்கும்.

ஆகவே ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் விசாரியுங்கள். நான்கு அளவுகள் தேவை: மொத்தக் கடினத்தன்மை (கரைந்திருக்கும் சுண்ணாம்பின் அளவு), மொத்தக் காரத்தன்மை (பி.எச். ஐ நிலையாகப் பிடித்து வைக்கும் பைகாபனேற்றின் அளவு), பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு), குளோரைட் என்கிற உப்பு. இரும்பும் பார்த்தால் நல்லது. மாதிரியை ஆவணி, புரட்டாதியில் எடுங்கள். கிணறு வற்றி உப்பும் சுண்ணாம்பும் செறிந்து நிற்கும் காலம் அது. மாரியில் எடுத்த அளவை நம்பித் திட்டம் போட்டால் கோடையில் கணக்குப் பிழைக்கும்.

இலங்கையின் குடிநீர்த் தரநிலையான எஸ்.எல்.எஸ். 614 கடினத்தன்மைக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம். குடாநாட்டில் இதைத் தாண்டும் கிணறுகள் ஏராளம். சுடுநீர்த் தொட்டிக்கு 150 முதல் 250 வரை இருந்தால் போதும். உங்கள் கிணறு 400 காட்டினால் கலங்க வேண்டாம், வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். தண்ணீர் சவராக இருந்தால் கதை வேறு. தீவகத்திலும் கரையோரத்திலும் உப்புக் கூடிய கிணறுகள் உண்டு. அந்தத் தண்ணீர் ஹீற்றர் உறையையும், பம்பில் ஒழுக்கை அடைக்கும் சீல் வளையத்தையும் அரிக்கும். அதை ஊற்றவே வேண்டாம்.

நல்ல தண்ணீர்க் கிணறு என்றாலும் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு லீற்றரை ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். எங்கள் நிலத்தடியில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீருமாக நிற்கும் நிலாவரைக் கிணறு இதற்குச் சாட்சி. வேகமாக இறைத்தால் அடியில் உள்ள உப்பு மேலே ஏறும், பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்து கெடும். இரண்டு மூன்று நாட்களாக, இடைவெளி விட்டு நிரப்புங்கள்.

சுன்னாகம் பக்கத்தவர்கள் இன்னும் ஒன்று பார்க்க வேண்டும். அங்கே கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் மக்களுக்கு 20 மில்லியன் ரூபா இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அந்தப் பகுதியில் இருப்பவர்கள் பரிசோதனைப் பட்டியலில் எண்ணெயையும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்போது, கடினத்தன்மையைக் குறைக்க வழி இருக்கிறது என்று மேலே சொன்னேனே, அந்த வழி. ஐப்பசி முதல் மார்கழி வரை எங்கள் கூரைகளில் விழுவது கடினத்தன்மை அறவே இல்லாத தண்ணீர். முதல் இரண்டு மழையைக் கூரை கழுவப்பட விட்டுவிட்டு, பிறகு வருவதைப் பீலி வழியாகத் தாங்கியில் சேருங்கள். 400 உள்ள கிணற்றுத் தண்ணீரோடு சரிபாதி மழைநீர் சேர்த்தால் 200 ஆகிவிடும். முழுவதும் மழைநீராக நிரப்பவும் கூடாது; காரத்தன்மை இல்லாத தண்ணீரில் பி.எச். நிலைகொள்ளாது, உலோகப் பகுதிகள் அரிபடும். பாதிக்குப் பாதி என்பது இங்கே பல கிணறுகளுக்குப் பொருந்தும் கணக்கு. 2024 ஓகஸ்ற் மாதம் வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய்நீர் இணைப்பு உள்ளவர்கள் அந்தத் தண்ணீரையும் ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள். கிணற்றை விட மென்மையாக இருந்தால் அதையே பாவிக்கலாம்.

எந்தத் தொட்டி

கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் "நான் ஒன்றை வாங்கிக் கொண்டெய்னரில் போட்டு விடுறன்" என்று அன்பாகச் சொல்வார். தயவு செய்து மறுத்துவிடுங்கள். வட அமெரிக்க மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இலங்கையில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அங்கத்தைய பம்ப் மோட்டர் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும், சூடேறும், கெதியில் பழுதாகும். வயரிங் முறையும் பொருந்தாது. வோல்ற்றை மாற்றும் கருவி ஹேர்ட்ஸை மாற்றாது. லண்டனில் இருந்தோ ஐரோப்பாவில் இருந்தோ வருவது இங்கே பொருந்தும். தகட்டில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதியவர்களுக்குக் காற்றடிக்கும் தொட்டி நல்ல ஆரம்பம். ஹீற்றர் ஏறத்தாழ 2 கிலோவாற், 13 அம்பியர் பிளக்கில் வேலை செய்யும், பிடிக்காவிட்டால் மடித்து வைக்கலாம். ஆனால் எங்கள் வெயிலில் அதன் பிளாஸ்ரிக் கெதியாக நைந்துபோகும். நிழல் இருந்தால் மட்டும் வாங்குங்கள். அக்ரிலிக் தொட்டி நெடுநாள் உழைக்கும், அதற்கு நிரந்தர இடமும் தனி மின்இணைப்பும் வேண்டும். உப்பில் இருந்து தானே குளோரின் தயாரிக்கும் வகையை இங்கே நான் பரிந்துரைக்க மாட்டேன். கடினத் தண்ணீரில் அதன் மின்தகடுகளில்தான் முதலில் சுண்ணாம்பு பிடிக்கும்.

இடமும் பாரமும்

ஆயிரம் லீற்றர் தண்ணீர் ஆயிரம் கிலோ. தொட்டி ஒரு 250 கிலோ, நாலு பேர் 280 கிலோ. எல்லாமாக ஒன்றரைத் தொன், 2 மீற்றருக்கு 2 மீற்றர் இடத்தில். ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 380 கிலோ விழுகிறது. சாதாரண வீட்டு மேல்தட்டு இதில் பாதி அளவுக்குத்தான் திட்டமிடப்படும். ஆகவே மொட்டை மாடியில் வைக்கும் ஆசை இருந்தால், மேசன் சொல்வதை மட்டும் நம்பாமல் கட்டடப் பொறியியலாளர் ஒருவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

நிலத்தில் வைப்பதே நல்லது. செம்மண்ணை இறுக்கி, சல்லி பரப்பி, கம்பி வலை போட்டு 4 முதல் 6 அங்குலக் கொங்கிறீற் போடுங்கள். கரையோர மணல் என்றால் 6 அங்குலம் வேண்டும். தண்ணீர் வடிய மிகச் சிறிய சரிவு போதும். கொங்கிறீற் இறுக மூன்று நான்கு கிழமை விட்டுப் பிறகு தொட்டியை ஏற்றுங்கள்.

தென்னைக்குக் கீழே வைக்காதீர்கள், தேங்காய் விழும். வேம்பும் முருங்கையும் நிழல் தரும், ஆனால் பூவும் சருகும் ஓயாமல் கொட்டும். தகரத்தாலோ கிடுகாலோ ஒரு கொட்டில் போட்டால் மூடியின் ஆயுள் கூடும், தண்ணீர் தேவையில்லாமல் சூடேறாது. கிணற்றில் இருந்தும் மலசலகூடக் குழியில் இருந்தும் தள்ளி வையுங்கள். மோட்டர் இருக்கும் பக்கத்தில் ஒரு ஆள் குந்தியிருந்து வேலை செய்ய இடம் விடுங்கள்; சுவரோடு ஒட்டி வைத்துவிட்டுப் பிறகு தொட்டியை நகர்த்துவதற்கு ஆள் தேடி அலைகிறவர்கள் பலர். அணிலும் எலியும் உள்ளே புகுந்து வயரைக் கடிக்கும், அடிப்பக்க ஓட்டைகளைச் சிறுகண் வலையால் அடையுங்கள்.

மின்சாரம்

இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். அக்ரிலிக் தொட்டிக்கு மெயின் பெட்டியில் இருந்து தனி வயர், தனி பிரேக்கர், தனியாக, மின்கசிவு வந்தால் தானே விழும் 30 மில்லி அம்பியர் ரிப் சுவிச். தொட்டிக்குள் இருக்கிறவர் எட்டித் தொட முடியாதபடி, ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி, 2 மீற்றருக்கு அப்பால் ஒரு ஐசொலேற்றர், அதாவது மின்சாரத்தை முற்றாகத் துண்டிக்கும் சுவிச். நீட்டிப்பு வயர் எக்காரணம் கொண்டும் கூடாது. எர்த் கம்பியைக் கோடையில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மண் காய்ந்தால் எர்த் பலவீனப்படும்; மாரியில் சரியாக இருந்த எர்த் ஆவணியில் போதாமல் போகலாம். ரிப் சுவிச்சின் பரிசோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் அதை மாற்றும் வரை யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

செலவுக்கு ஒரு கணக்கு. ஆயிரம் லீற்றரை ஒரு பாகை உயர்த்த 1.16 யூனிற் மின்சாரம் தேவை. எங்கள் தண்ணீர் ஏற்கனவே 28 பாகையில் இருக்கும்; 38 க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 12 யூனிற், 2 கிலோவாற் ஹீற்றரில் ஆறு மணித்தியாலம். 8 பாகையில் தண்ணீர் வரும் குளிர்நாட்டில் இதற்கு 35 யூனிற் வேண்டும். ஆனாலும் மின்சாரக் கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் இருப்பதால், தொட்டி உங்கள் வீட்டை மேல்படிக்குத் தள்ளலாம். நேரத்துக்கேற்ற கட்டண முறைக்கு மாறியவர்கள் இரவு 10.30 க்குப் பிறகு சூடாக்கட்டும், மாலை 6.30 முதல் 10.30 வரைதான் விலை உச்சம். கூரையில் சோலர் இருந்தால் மத்தியானமே நல்ல நேரம்.

முதல் நிரப்பல் இரண்டு தரம்

புதிய தொட்டியைத் தொழிற்சாலையில் தண்ணீர் ஊற்றிச் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். குழாய்களுக்குள் மிஞ்சிய ஈரம், கொண்டெய்னரில் வெக்கையோடு வெக்கையாகக் கிடந்து வரும். உள்ளே பாசிபோல் ஒரு வழுவழுப்பான கிருமிப் படை வளர்ந்திருக்கும். ஆகவே முதல் தண்ணீர் குளிக்க அல்ல, கழுவ.

குழாயைப் பில்ரர் குழிக்குள் விட்டு நிரப்புங்கள். அப்படிச் செய்தால் பம்புக்குள் காற்று அடைபடாது. நிறைந்த பிறகே மின்சாரத்தைப் போடுங்கள். வெறும் தொட்டியில் ஓடும் பம்ப் சில நிமிடத்தில் தன் சீல் வளையத்தை எரித்துவிடும். பம்ப் இரைந்தும் தண்ணீர் வராவிட்டால் நிறுத்தி, பம்பின் பக்கத்தில் குழாயை இணைக்கும் யூனியன் மூட்டைக் கொஞ்சம் தளர்த்திக் காற்றை வெளியேற்றி மறுபடி இறுக்குங்கள். பில்ரரை வெளியே எடுத்துவிட்டு, குழாய் கழுவும் திரவத்தை அதன் லேபிள் சொல்லும் அளவில் ஊற்றி, ஜெற் எல்லாம் திறந்து ஓட விடுங்கள். மண்ணிறத்தில் நுரையும் அழுக்கும் மிதந்து வரலாம். முழுவதையும் வடித்து, சுவரைத் துடைத்து, இரண்டாம் தரம் நிரப்புங்கள். கழுவும் தண்ணீருக்கு மழைநீரை வீணாக்க வேண்டாம், கிணற்றுத் தண்ணீர் போதும்.

தண்ணீரைச் சமப்படுத்துதல்

இதுதான் இங்கே அதிக பொறுமை கேட்கும் வேலை. கடையில் விற்கும் காகிதப் பட்டிகள் எங்கள் ஈரக்காற்றில் கெதியாகப் பழுதாகும். சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்றை, லண்டனில் இருந்தோ கனடாவில் இருந்தோ வருகிறவர்களிடம் சொல்லி எடுப்பியுங்கள். காரத்தன்மை, கடினத்தன்மை, பி.எச்., குளோரின் நான்கும் அதில் பார்க்கலாம்.

எட்ட வேண்டிய அளவுகள்: பி.எச். 7.2 முதல் 7.6, காரத்தன்மை கடினத் தண்ணீருக்கு 50 முதல் 80 பி.பி.எம். (லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம்). கையேடு 80 முதல் 120 என்று சொல்லும். தண்ணீரில் கல்சியம் கூடினால் காரத்தன்மையைத் தாழ்த்தி வைப்பதே சுண்ணாம்பு படியாமல் காக்கும் வழி. எங்கள் கிணறுகளில் காரத்தன்மை 250 இருப்பது புதுமை இல்லை. இந்தத் தண்ணீரில் ஜெற் ஓடினால் காபனீரொட்சைட் வெளியேறி பி.எச். தானாக 8 ஐத் தாண்டும், தண்ணீர் பால்போல் கலங்கும். பலர் இதைப் பார்த்துத் தொட்டி பழுது என்று நினைக்கிறார்கள்.

குறைக்கும் முறை இது. சோடியம் பைசல்பேற் என்கிற உலர் அமிலத்தை வாங்குங்கள். ஆயிரம் லீற்றரில் காரத்தன்மையை 10 பி.பி.எம். குறைக்க ஏறத்தாழ 26 கிராம் வேண்டும். 50 கிராமை ஒரு வாளித் தண்ணீரில் கரையுங்கள். தண்ணீருக்குள் அமிலத்தைப் போட வேண்டும், அமிலத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. பம்ப் ஓடிக்கொண்டிருக்க மெதுவாக ஊற்றி, அரை மணித்தியாலம் கழித்துச் சோதியுங்கள். பி.எச். 7.2 க்கு வந்ததும் அமிலத்தை நிறுத்துங்கள். இப்போது மூடியைத் திறந்து, காற்று ஜெற்களைப் போட்டு நன்றாகக் குமிழிக்க விடுங்கள். பி.எச். மறுபடி 7.8 வரை ஏறும், காரத்தன்மை மட்டும் ஏறாது. மறுபடி 50 கிராம். காரத்தன்மை 80 க்கு இறங்கும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள். வெறும் கிணற்றுத் தண்ணீரில் இதற்கு எட்டு ஒன்பது சுற்று, அதாவது சில நாட்கள் எடுக்கும். பாதி மழைநீர் கலந்தவர்களுக்கு இரண்டு மூன்று சுற்றில் முடிந்துவிடும். தாங்கியில் மழைநீர் பிடிக்கச் சொன்னதன் அருமை இந்த இடத்தில்தான் தெரியும்.

சமன் வந்த பிறகு, சுண்ணாம்பு படியாமல் பிடித்து வைக்கும் திரவத்தைக் கிழமைக்கு ஒருமுறை லேபிளில் உள்ளபடி விடுங்கள். ஆவியாகிக் குறையும் தண்ணீரை எப்போதும் மழைநீராலேயே நிரப்புங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டுமே; சுண்ணாம்பு உள்ளேயே நிற்கும். அதன் மேல் கிணற்றுத் தண்ணீரை விட விட, கடினத்தன்மை மாதாமாதம் ஏறும்.

குளோரின்

லெஜியனெல்லா என்ற கிருமி 25 முதல் 45 பாகைக்குள் செழித்து வளரும். ஜெற் எழுப்பும் நுண்துளிகளோடு மூச்சில் போய் நியூமோனியாவை உண்டாக்கும். சூடோமோனாஸ் என்ற இன்னொன்று தோலில் சிவந்த பருக்களைக் கொண்டுவரும். குளிர்நாட்டில் ஹீற்றரை நிறுத்தினால் தண்ணீர் குளிர்ந்து கிருமி அடங்கும். இங்கே ஹீற்றரை நிறுத்தினாலும் தண்ணீர் 28, 30 பாகையில்தான் நிற்கும். அதாவது நீங்கள் குளிக்காத நாளிலும் தொட்டிக்குக் குளோரின் வேண்டும். ஒரு கிழமை ஊருக்குப் போகிறோம், பார்த்துக்கொள்ளலாம் என்று விடவே முடியாது.

சுயாதீன குளோரின், அதாவது கிருமியைக் கொல்லத் தண்ணீரில் இன்னும் மிஞ்சி நிற்கும் குளோரின், எப்போதும் 3 பி.பி.எம். க்குக் குறையக் கூடாது; 3 முதல் 5 வரை வைத்திருங்கள். வாசனையும் நுரையும் சேர்க்காத திரவக் குளோரின் எங்களுக்கு மிகப் பொருத்தம். 5 சதவீதத் திரவத்தில் 20 மில்லிலீற்றர், ஆயிரம் லீற்றரில் 1 பி.பி.எம். உயர்த்தும். வெறுமையில் இருந்து 3 க்குக் கொண்டுவர 60 மில்லிலீற்றர். வெக்கையில் இந்தத் திரவம் வலு இழக்கும், சிறிய போத்தலாக வாங்கி நிழலில் வையுங்கள். குளித்து முடித்ததும் ஆளுக்கு மணித்தியாலம் ஒன்றுக்கு 150 மில்லிலீற்றர் என்று தொடங்கி, அடுத்த நாள் காலை சோதித்து உங்கள் வீட்டுக்கான அளவைக் கண்டுபிடியுங்கள். அளவு 5 க்குள் இறங்கிய பிறகே மறுபடி இறங்க வேண்டும்.

டைக்குளோர் தூளும் பாவிக்கலாம். ஆயிரம் லீற்றருக்கு 5 கிராம் ஏறத்தாழ 3 பி.பி.எம். தரும். ஆனால் அதில் இருக்கும் சயனூரிக் அமிலம் தண்ணீரில் தேங்கித் தேங்கிக் குளோரினின் வேகத்தை மந்தமாக்கும். ஆகவே திரவம் கிடைக்காத நாட்களுக்கு மட்டும் வைத்திருங்கள்.

கிணற்றுக்குப் போடும் குளோரின் தூள் வேண்டாம். வெள்ளத்துக்குப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கிணறுகளுக்குப் பரிந்துரைக்கும் அந்தத் தூள் கல்சியம் ஹைப்போகுளோரைட். கிணற்றுக்கு அது சரி. நீங்கள் பாடுபட்டுக் குறைத்த கல்சியத்தைத் தொட்டிக்குள் அது திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். இதை விட முக்கியமான ஒன்று: இரண்டு வகைக் குளோரினை ஒரே கரண்டியால் கூட எடுக்காதீர்கள், கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். அமிலமும் குளோரினும் சேர்ந்தால் நச்சு வாயு. இரண்டையும் வேறு வேறு இடத்தில், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

இறங்குவதற்கு முன்

சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகிய தலையோடு தொட்டியில் இறங்கினால், அந்த எண்ணெய் குளோரின் முழுவதையும் தின்றுவிடும், பில்ரரில் பிசினாகப் பிடிக்கும். தேங்காயெண்ணெய்த் தலைமயிருக்கும் இதுவே. திருநீறு, சந்தனம், மஞ்சள், வியர்வை எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஷவர் குழாய் பூட்டினால் யாருக்கும் சொல்லத் தேவை இல்லை. சாரமும் குறுக்குக்கட்டும் பருத்தி நூலை உதிர்த்துப் பில்ரரை அடைக்கும், அவற்றில் மிஞ்சிய சலவைத்தூள் நுரைக்கும். குளிக்கவென்றே ஒரு நைலோன் உடுப்பை வைத்து, வெறும் தண்ணீரில் மட்டும் அலசிக் காய விடுங்கள். நீண்ட கூந்தலைக் கொண்டை போட்டுக் கட்ட வேண்டும். உறிஞ்சும் துவாரத்தின் மூடி உடைந்திருந்தால் தொட்டியையே பாவிக்கக் கூடாது.

சூடு 40 பாகையைத் தாண்டவே கூடாது. புழுக்கமான எங்கள் காற்றில் உடம்பு தன்னைக் குளிர்த்திக்கொள்வது கடினம், ஆகவே 37 போதும், ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம் போதும். கர்ப்பிணிகளும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் இறங்க வேண்டாம். மது அருந்திவிட்டு யாரும் இறங்க வேண்டாம். இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டு வரட்டும். நீரிழிவால் கால் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது, காலில் புண் இருந்தாலும் தெரியாமல் போகலாம். அம்மா, அப்பாவுக்காகத் தொட்டி வாங்குகிறவர்கள் இதை முதலில் பாருங்கள். இடி மின்னல் நேரத்தில் எல்லாரும் வெளியே, ஐசொலேற்றர் நிறுத்தப்பட வேண்டும்.

கிழமை வேலை

குளோரினும் பி.எச். உம் கிழமையில் மூன்று தரம், காரத்தன்மை ஒரு தரம், கடினத்தன்மை மாதம் ஒரு தரம். பில்ரரைக் கிழமைக்கு ஒருமுறை மடிப்பு மடிப்பாகக் குழாயடியில் கழுவுங்கள். இரண்டு பில்ரர் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் ஒன்று வெயிலில் காயும். மாதம் ஒருமுறை எண்ணெய் போக்கும் கரைசலில் இரவு முழுக்க ஊற விடுங்கள். சுண்ணாம்பு பிடித்திருந்தால் அதற்குப் பிறகே, நன்றாக அலசிவிட்டு, ஐதான அமிலத்தில் போட வேண்டும். முதலில் அமிலத்தில் போட்டால் எண்ணெய் இழைகளுக்குள் இறுகிவிடும், பிறகு எதைக் கொண்டும் போகாது.

வெயிலும் மாரியும்

பங்குனியில் இருந்து வேறு ஒரு சிக்கல் வரும். நன்றாகக் காப்பிடப்பட்ட தொட்டியில் ஹீற்றர் நின்றாலும் பம்பின் சூடு மட்டும் தண்ணீரை 38, 39 பாகைக்கு ஏற்றிவிடும். பில்ரர் ஓடும் நேரத்தைச் சிறு சிறு துண்டுகளாக இரவுக்கு மாற்றுங்கள், இரவில் மூடியைப் பாதி திறந்து விடுங்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் திறந்து கிடக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இல்லாமல் இருக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் ஹீற்றரை முற்றாக நிறுத்திவிட்டுச் சாதாரண குளியல் தொட்டியாகப் பாவிக்கலாம். குளோரின் மட்டும் அதே அளவு. சோளகக் காற்றுப் புழுதி அள்ளி வரும் மாதங்களில் பில்ரரைக் கிழமைக்கு இரண்டு தரம் பாருங்கள். வாடை வீசும் மார்கழி, தை இரவுகளே இந்தத் தொட்டிக்கு உரிய காலம்.

மாரியில் டெங்கு நுளம்பைக் கவனியுங்கள். குளோரின் போட்டு ஓடும் தண்ணீரில் அது முட்டையிடாது. மூடியின் மடிப்பில் தேங்கும் மழைநீர், வடித்த தொட்டியின் இருக்கைக் குழிகளில் மிஞ்சும் தண்ணீர், இவை போதும் அதற்கு. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மூடியைத் தட்டி விடுங்கள்.

தண்ணீர் மாற்றுவதும் வீட்டைப் பூட்டுவதும்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள். ஒவ்வொரு நாளும் நாலு பேர் இறங்கும் விருந்தினர் விடுதி என்றால் ஒரு மாதம் கூடத் தாங்காது. வடிக்க முதல் இரண்டு நாள் குளோரின் போடாமல் மூடியைத் திறந்து வெயில் படவிட்டு, சோதனையில் குளோரின் இல்லை என்று தெரிந்த பிறகு வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். கிணற்றடிப் பக்கம் விட வேண்டாம். சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக மேலே ஊற்றியது கெதியாகக் கீழே போய்ச் சேரும். குளோரினுக்குப் பதிலாகப் புரோமின் பாவிக்கிறவர்கள் பயிருக்கு விடக் கூடாது.

விடுமுறை முடிந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு திரும்பிப் போகிறவர்கள், கிழமையில் மூன்று தரம் வந்து குளோரின் பார்க்க நம்பிக்கையான ஆள் இல்லாவிட்டால் தொட்டியை வடித்துவிட்டே போங்கள். ஐசொலேற்றரை நிறுத்தி, வடிகால் வால்வைத் திறந்து, குழாய்களில் நிற்கும் தண்ணீரை தண்ணீரையும் உறிஞ்சக்கூடிய வக்கும் கிளீனரால் ஜெற் ஜெற்றாக உறிஞ்சி எடுங்கள். பம்பின் அடியில் உள்ள சிறிய மூடியைக் கழற்றி அதன் தண்ணீரையும் விடுங்கள். இருக்கைக் குழிகளைத் துணியால் துடையுங்கள். பில்ரரைக் கழுவிக் காயவைத்து வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். மூடியின் மேல் தகரம் ஒன்றைச் சரிவாகப் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் கட்டுங்கள். திரவக் குளோரினை மிச்சம் வைக்காமல் தேவைப்படும் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை வரும்போது அதில் வலு இருக்காது. திரும்பி வந்ததும் மறுபடி குழாய் கழுவும் திரவத்தில் இருந்து, முதல் நிரப்பலைப் போலவே தொடங்க வேண்டும்.